ஆடிப் பட்டத்தில் வந்த படைகள்

பவானிசாகர் அணையில் நீர் அடிமட்டத்துக்கு இறங்கிப் போகும் கோடைகளில் மட்டும் டணாயக்கன்கோட்டையின் மாதவராயப் பெருமாள் கோயில் வெளியே தெரியும். 1955இல் அணை கட்டி முடிந்தபோது மூழ்கிப்போன ஊர் அது. அப்படி வெளிப்பட்ட ஒரு வைகாசியில், பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த சேற்றுத் தரையில் நடந்து போய் அந்தக் கல்மண்டபத்தைப் பார்த்தேன். என்னைச் சுற்றி நின்றவர்களெல்லாம் தூண்களையும் சிற்பங்களையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ வடக்கே மோயாற்றுப் பள்ளத்தாக்கின் பக்கமிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. கெஜலட்டிக் கணவாய் அந்தத் திசையில்தான் இருக்கிறது. இன்றைக்கு அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் அடங்கிய காடு. ஆள் நடமாட்டம் அரிது. ஆனால் மைசூர் மேட்டுநிலத்திலிருந்து கொங்குச் சமவெளிக்குப் படைகள் இறங்கிவந்த வழி அதுவே. மேலே அந்தக் கணவாய், மேற்கே பாலக்காட்டுக் கணவாய், கிழக்கே காவிரிக்கரையோடு கரூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி என மூன்று வாசல்களும் திறந்து கிடந்த வீடாக இருந்தது நம் நாடு. சண்டை யார் யாருக்கிடையே நடந்தாலும் இந்த வீட்டின் நடுவாசல் வழியாகத்தான் போனார்கள்.

என் அம்மாவின் ஊர் சத்தியமங்கலத்துக்குத் தெற்கே, பவானி ஆற்றிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. பள்ளி விடுமுறைகளில் அங்கே இருந்த நாட்களில் நான் கேட்ட கதைகளில் அரசர்கள் வந்ததில்லை. அம்மாவைப் பெற்ற அப்புச்சி சொன்னதெல்லாம் ஒரே ஒரு செய்திதான்: "அந்தக் கலவரக் காலத்துல நம்ம பாட்டன் பூட்டன் ரெண்டு வெள்ளாம வெதைக்காம உட்டாங்க சாமி." யாருடைய கலவரம், எந்த ஆண்டு என்றெல்லாம் அவருக்குத் தெரியாது. இரண்டு வெள்ளாமை விதைக்கவில்லை என்பது மட்டும் ஆறேழு தலைமுறை தாண்டி அவர் வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. பல ஆண்டுகள் கழித்து மைசூர்ப் போர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான், அப்புச்சி சொன்ன அந்த ஒற்றை வரியில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது எனக்கு விளங்கியது.

1768இல் ஆங்கிலக் கம்பெனியின் கர்னல் வுட் சேலம், ஈரோடு, கோயம்புத்தூர், தாராபுரம் என்று கோட்டை கோட்டையாகப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஐதர் அலியின் படைகள் இறங்கிவந்து அவற்றில் பெரும்பாலானவற்றை மீட்டுக்கொண்டன. 1783இல் கர்னல் புல்லர்ட்டன் தாராபுரத்தையும் பாலக்காட்டையும் கோயம்புத்தூரையும் பிடித்தார். மறு ஆண்டு மங்களூர் உடன்படிக்கையின்படி எல்லாம் திப்பு சுல்தானிடம் திரும்பின. 1790இல் ஜெனரல் மெடோஸ் ஏறத்தாழ 15,000 பேர் கொண்ட படையோடு திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டு ஜூனில் கரூரை எடுத்தார், ஜூலையில் கோயம்புத்தூருக்குள் நுழைந்தார், அடுத்தடுத்து ஈரோடு, சத்தியமங்கலம், திண்டுக்கல், பாலக்காடு என்று போனார். செப்டம்பரில் திப்பு கெஜலட்டி வழியாக இறங்கிச் சத்தியமங்கலத்தில் கர்னல் பிளாய்டின் படையைத் தாக்கினார். பின் ஈரோட்டையும் தாராபுரத்தையும் மீட்டார். 1791இல் கோயம்புத்தூர்க் கோட்டை இரண்டு முறை முற்றுகையிடப்பட்டு நவம்பரில் திப்புவின் படையிடம் பணிந்தது. இருபத்துமூன்று ஆண்டுகளுக்குள் ஒரே ஊர்களை இத்தனை முறை இரு தரப்பும் மாறி மாறிப் பிடித்திருக்கிறார்கள். இவ்வளவையும் வரலாற்று நூல்கள் ஓரிரு பக்கத்தில் சொல்லி முடித்துவிடுகின்றன, அதில் குற்றமும் இல்லை. கோட்டை விழுந்த தேதியைச் சொல்வது அவற்றின் வேலை.

அந்தத் தேதிகளை நம் பஞ்சாங்கத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது நம்முடைய வேலை. மெடோஸ் கரூரில் இருந்தபோது வைகாசி முடிந்து ஆனி பிறந்துகொண்டிருந்தது. கோயம்புத்தூருக்குள் அவர் நுழைந்தது ஆடியில். சத்தியமங்கலத்தில் பீரங்கி முழங்கியது ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கும் தறுவாயில். ஆடிப் பட்டம் தேடி விதை என்பது மானாவாரிக் காட்டை நம்பிய கொங்குக் குடியானவனுக்கு உயிர்க்கட்டளை. ஆடியில் கம்பு, புரட்டாசி மழைக்குச் சோளம், அந்த இரண்டும் தவறினால் தை மாதத்துக் களத்தில் தூற்றுவதற்கு ஒன்றும் இருக்காது. மறு ஆண்டு, கோயம்புத்தூர் முற்றுகையின்போதும் அதே ஆடியும் அதே புரட்டாசியும் படைக்கு நடுவிலேயே கழிந்தன. இரண்டு வெள்ளாமை. அப்புச்சி சொன்ன கணக்கு 1790, 1791 என்ற இந்த இரண்டு ஆண்டுகள்தான் என்று உறுதியாக நிறுவ என்னிடம் ஓலை எதுவும் இல்லை, ஆனாலும் படிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஒரு படை நாட்டுக்குள் நுழைந்தால் சுடுவதற்கு முன்பே, ஏன், சுடாமல் போனாலும்கூட, அந்த நாட்டைத் தின்றுவிடுகிறது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இது முழுக்க என் கணக்கு, தோராயமானது. 15,000 சிப்பாய்கள் என்றால் அவர்களோடு குறைந்தது 30,000 பேராவது கூட வந்திருப்பார்கள். சமையல்காரர், புல் அறுப்பவர், மாடு ஓட்டுபவர், கூடாரம் சுமப்பவர், கடைக்காரர், சிப்பாய்களின் மனைவி மக்கள் என்று அக்காலப் படைகளின் பின்னால் எப்போதும் சண்டையிடுவோரைவிடப் பெரிய கூட்டம் நடந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ தவசம் (தானியம்) என்று வைத்தால் 45 டன். ஒரு மாதத்துக்கான தவசத்தைக் கையோடு கொண்டுபோக, பொதிமாடு ஒன்றுக்கு 100 கிலோ என்றால், 13,500 மாடுகள் வேண்டும். பீரங்கி இழுக்கும் எருதுகள் தனி. பொதிமாடு ஒன்று நாளைக்கு ஆறு கிலோ காய்ந்த தட்டு தின்றாலும் 80 டன்னுக்கு மேல் ஆகிறது. மானாவாரிக் காட்டில் ஏக்கருக்கு ஒரு டன் சோளத்தட்டு கிடைத்தாலே நல்ல விளைச்சல் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். ஆக ஒவ்வொரு நாளும் 80 ஏக்கர் காட்டின் தீவனம் போகிறது. பதினைந்து இருபது குடும்பங்கள் தங்கள் கட்டுத்தரை மாடுகளை ஓராண்டு முழுக்கக் காப்பாற்ற வைத்திருந்த தட்டுப்போர்களை அந்தப் படை ஒரு பொழுதில் தின்று முடித்துவிட்டு மறுநாள் அடுத்த ஊருக்கு நகர்கிறது. இது ஒரு பக்கத்துப் படை மட்டும். எதிர்ப்பக்கத்துப் படை பின்னாலேயே அதே பாதையில் வருகிறது.

கம்பெனிப் படை தவசத்தை விலை கொடுத்து வாங்கியது என்றும், இலம்பாடிகள் பொதிமாட்டுக் கூட்டங்களோடு வந்து விற்றார்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் இலம்பாடிகள் கொண்டுவந்த தவசமும் ஏதோ ஓர் ஊரின் குழியிலிருந்து வந்ததே. மைசூர்ப் படையின் கொள்ளைக் குதிரைகளோ கிடைத்ததை எடுத்துக்கொண்டு வாழ்வதையே தொழிலாக வைத்திருந்தன. யார் வந்தாலும் முதலில் போனது மாடு. நல்ல இழுவை எருதுகளுக்கு இப்பக்கம் பஞ்சமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஐதரும் திப்புவும் பீரங்கி இழுப்பதற்கென்றே பின்னாளில் அமிர்தமகால் என்று பெயர்பெற்ற அரசு மாட்டுப்பட்டிகள் வைத்து வளர்த்தவர்கள், எருதின் அருமை தெரியாதவர்கள் அல்லர். ஆடியில் ஒரு குடியானவனின் கட்டுத்தரையிலிருந்து ஒரு சோடி எருது போனால், அவனுக்கு ஏர் போயிற்று, கிணற்றில் கவலை பூட்டி நீர் இறைப்பதும் போயிற்று, அந்த ஆண்டே போயிற்று. அவனை யாரும் வெட்டவில்லை, சுடவில்லை. எந்தப் போரின் இழப்புப் பட்டியலிலும் அவன் பெயர் வராது. அடுத்த பங்குனியிலோ சித்திரையிலோ, படைகளெல்லாம் போய் ஊர் அமைதியாகிவிட்ட பிறகு, அவன் வீட்டில் கைக்குழந்தையோ கிழவியோ முதலில் சாகத் தொடங்கும்.

சத்தியமங்கலத்துச் சண்டையில் பீரங்கி மாடுகள் குண்டடி பட்டுச் செத்ததால் பிளாய்டு சில பீரங்கிகளை விட்டுவிட்டுப் பின்வாங்க நேர்ந்தது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பீரங்கிகளை இழந்ததைப் பின்வாங்கலின் துயரமாக எழுதுகிறார்கள். அந்த எருதுகளின் கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் யார்? இரு பக்கமும் குண்டு பறக்கும்போது மாட்டின் மூக்கணாங்கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்த ஆட்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? பிளாய்டு, மெடோஸ், திப்பு என்ற பெயர்கள் இருக்கின்றன. கம்பெனிச் சிப்பாய்களில் பெரும்பாலோர் நம் நாட்டு ஆட்களே என்றாலும் அவர்கள் பெயர்கூட அரிதாகவே கிடைக்கிறது. மாட்டுக்காரனின் பெயரை எங்கே தேடுவது?

அம்மா ஊரில் பழைய வீட்டு வாசலில் ஒரு தவசக் குழி இருந்தது. வாய் ஓர் ஆள் இறங்கும் அளவுக்குத்தான். உள்ளே போகப் போக வயிறு அகன்றிருக்கும். பக்கமெல்லாம் வைக்கோல் பிரி சுற்றி, நடுவே சோளத்தைக் கொட்டி, மேலே பலகைக்கல் போட்டு மண்ணால் மூடி மெழுகிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. குழியைத் திறந்த உடனே யாரும் இறங்க மாட்டார்கள். கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்த்து, அது அணையாமல் எரிந்தால்தான் ஆள் இறங்கலாம். உள்ளே அடைபட்ட காற்று ஆளைக் கொன்றுவிடும். விதைத் தவசம் மட்டும் இந்தக் குழிக்குள் போகாது. அதைச் சாம்பலும் வேப்பிலையும் கலந்து மொடாவில் போட்டு, வாயைச் சாணத்தால் மெழுகி, அம்மாயி உள்வீட்டு மூலையில் வைத்திருப்பார். "பசியில செத்தாலும் வெதத் தவசத்துல மட்டும் கை வெக்கக் கூடாது கண்ணு" என்பார். பஞ்சம் பார்த்த வீடுகளின் சொல் அது. வாசலில் குழி வெட்டிப் புதைப்பது எலிக்கும் ஈரத்துக்கும் பயந்து செய்த ஏற்பாடு என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். ஈட்டி முனையால் வாசல் மண்ணைக் குத்திப் பார்க்கும் ஆட்களுக்கும் பயந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. மொடாவைக் கண்டுபிடித்து எடுத்துப் போன பிறகு ஒரு குடும்பத்தின் நிலை என்ன? தின்னும் தவசம் போனால் ஓராண்டுப் பசி. விதைத் தவசம் போனால் அடுத்த ஆண்டும் பசிதான்.

திப்பு 1799இல் வீழ்ந்து கோயம்புத்தூர்ப் பகுதி கம்பெனியின் கைக்கு வந்த பின், 1800இன் இறுதியில் பிரான்சிஸ் புக்கானன் இந்த வழியாகப் பயணம் செய்தார். மண் வகை, பயிர், வரி, நெசவு என்று எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதிய அவர், போரால் பாழான ஊர்களையும் உழ ஆளில்லாமல் கிடந்த நிலங்களையும் குறித்துவைத்தார். கம்பெனிக்கு வரி எவ்வளவு தேறும் என்று பார்க்க வந்தவர் அவர். அதனாலேயே அவர் குறிப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரக்கம் காட்டுவதற்காக எழுதாதவர் கண்ணிலும் அந்த வெறுமை பட்டிருக்கிறது.

இது அந்நியர்களும் அண்டை நாட்டவரும் நம்மீது சுமத்திய கொடுமை மட்டும் என்று சொல்லி நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பகைவர் நாட்டைக் கொள்ளையிட்டு எரிப்பதைப் பாட நம் புறத்திணையில் மழபுல வஞ்சி என்று ஒரு துறையே உண்டு. ஊரை எரிக்கும் வெளிச்சத்தில், அழுகுரல்களுக்கு நடுவே கொள்ளை கொள்பவன் என்று கரிகாலனைப் பார்த்துப் பாடுகிறது புறநானூற்றின் ஏழாம் பாட்டு. அதே பாட்டு அந்த நாடுகளின் வளத்தையும் சொல்லி, அவை நல்லவையாக இல்லாமல் போயினவே என்கிறது. பாடிய புலவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. நம் நடுகற்களும் அப்படித்தான். ஊர்ப் பசுக்களை மீட்கப் போய் விழுந்தவன் என்று அவன் எதற்காகச் செத்தான் என்பதைக் கல் சொல்லும். பக்கத்தில் மாடும் செதுக்கியிருக்கும். கொங்கில் வீரமாத்தி என்று கும்பிடும் கோயில்கள், கணவன் விழுந்த பிறகு தீயில் இறங்கிய பெண்களையும் ஊர் மறக்கவில்லை என்பதற்குச் சாட்சி. ஆடிப்பெருக்கு அன்று தீரன் சின்னமலைக்காகச் சங்ககிரியிலும் ஓடாநிலையிலும் கூடுகிறோம், கூட வேண்டியதுதான். எதிர்த்து நின்றவனை நினைக்க நமக்குத் தெரியும். எதிர்க்காமல், எந்தப் பக்கமும் சேராமல், எருதையும் விதையையும் இழந்து செத்தவர்களுக்குக் கல் நடும் வழக்கம்தான் நம்மிடமும் இல்லை, படையெடுத்து வந்தவர்களிடமும் இல்லை.

இதை நான் வெறும் பழங்கதையாக எழுதவில்லை. என் அப்பாவின் குடும்பம் திருச்செங்கோட்டுப் பக்கம். அப்பாவைப் பெற்ற அப்பாருவின் தம்பி, பத்தொன்பது வயதில், 1936இல், கங்காணி ஒருவரின் பின்னால் மலாயாவுக்குப் போனார். அந்த ஆண்டு காடு காய்ந்திருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் வீட்டில் சொல்லப்படவில்லை. பேராக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து ஆண்டுக்கு இரண்டு மூன்று மணியார்டரும் யாரோ எழுதிக்கொடுத்த கடிதமும் வரும். 1941 டிசம்பரில் சப்பானியர் மலாயாவில் இறங்கினர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. அதற்குப் பிறகு கடிதம் இல்லை. 1946இல் பக்கத்து ஊருக்குத் திரும்பிவந்த ஒருவர், தோட்டத்தில் லாரி கொண்டுவந்து நிறுத்தி ஆட்களை ஏற்றிப் போனார்கள், அதில் இவரும் போனார், சயாமில் ரயில்பாதை போட என்று சொன்னார்கள், என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம்.

அந்தப் பாதை சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பூசயாட் வரை 415 கிலோமீட்டர். பர்மாவில் போரிட்ட சப்பானியப் படைக்குத் தளவாடமும் உணவும் கொண்டுபோவதற்காக, மலையும் காடும் மழையுமான நிலத்தில், 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். வெள்ளையரும் பிறருமான போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர் அங்கே வேலை செய்தனர். 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், சாவகர் என ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர். மலாயாவிலிருந்து போனவர்களில் தமிழர்களே மிகுதி. 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது கைதிகளிடம் சொந்த மருத்துவர்கள் இருந்தார்கள், நீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருந்தது. தோட்டத்துத் தொழிலாளிக்கு இரண்டும் இல்லை. முகாம் முகாமாகச் செத்தார்கள். எத்தனை பேர் என்று கேட்டால் 90,000 என்றும் அதற்கு மேல் என்றும் மதிப்பிடுகிறார்கள். இந்த மதிப்பீடு என்ற சொல்தான் என்னை வதைக்கிறது. அந்தப் பாதை போன தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கான கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் இருக்கின்றன. படங்களில் பார்த்திருக்கிறேன், புல் வெட்டிப் பூச்செடி வைத்து, கல் கல்லாகப் பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் பொறித்திருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களுக்கு அந்த ஆறுதல் கிடைத்ததில் எனக்குச் சிறு பொறாமையும் இல்லை, நிறைவே உண்டு. ஆனால் அங்கே ஒருவர் இருவர் வரைக்கும் எண்ணியிருக்கிறார்கள். எங்கள் ஆட்களைப் பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணுகிறார்கள். பெயர் எழுதி வைக்க ஒரு காகிதம் செலவழிக்கத் தக்கவர்களாக அவர்களை யாரும் நினைக்கவில்லை. மைசூர்ப் போரில் எருது பிடித்துப் போனவனுக்கும் சயாமில் மண் சுமந்தவனுக்கும் நடுவே நூற்றைம்பது ஆண்டுகள் ஆகியும் இதில் ஒன்றும் மாறவில்லை.

எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் ஆடி அமாவாசைக்குப் பவானி கூடுதுறைக்குப் போவோம். இறந்த திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில்தான் கொடுக்க முடியும். கூட்டம் நெரியும், படித்துறையில் ஈரத்துணியோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வாழையிலையில் பச்சரிசி மாவு, எள், தர்ப்பை. அப்பாரு இருந்தவரை அவரே கொடுத்தார், பிறகு அப்பா. அப்பாவுக்குக் காலில் நோவு வந்த ஆண்டு, தாங்கிப் பிடித்துக்கொண்டு நானும் படியிறங்கி அருகில் உட்கார்ந்தேன். புதிதாக வந்திருந்த இளம் ஐயர் ஒருவர் பெயர் பெயராகக் கேட்டுக்கொண்டே வந்தார். அப்பாருவின் பெயர், அப்பத்தாளின் பெயர். அடுத்து, மலாயாவுக்குப் போன சின்னய்யனுடைய பெயரை அப்பா சொன்னார்.

"எப்பங்க தவறுனாரு?"

"தெரியாதுங்க சாமி."

"எந்த ஊர்லீங்க?"

அப்பா கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார். "ரயில் ரோடு போட்ட எடத்துலீங்க" என்றார்.

ஐயர் அதற்கு மேல் கேட்கவில்லை. எள்ளும் தண்ணீரும் அப்பாவின் உள்ளங்கையில் வார்த்து, பெயரை மட்டும் மூன்று முறை சொல்லச் சொன்னார். அப்பா சொன்னார். பின்னால் காத்திருந்தவர்கள் இடம் கேட்டார்கள். நாங்கள் இலையை ஆற்றில் விட்டுவிட்டு எழுந்தோம்.